கியோட்டோவில் எனக்குப் பிடித்த இடம் ரயில் நிலையம்

ஜப்பானில் கியோட்டோ போய்விட்டு வந்தேன் என்றதும் எல்லோரும் தங்கக் கோயில் போட்டோவைத்தான் கேட்கிறார்கள். கோயில்களும் பார்த்தேன், மனசு நிறைந்தது. ஆனால் மறுபடி மறுபடி போய் உட்கார்ந்த இடம் ரயில் நிலையம்தான்.

794இல் தலைநகரான ஊர் அது. அதன் 1200 ஆண்டு நிறைவை ஒட்டி எடுத்த திட்டம்தான் இந்த நிலையக் கட்டிடம், கட்டிடக் கலைஞர் ஹிரோஷி ஹாராவின் வடிவமைப்பில் 1997இல் திறந்தார்கள். 60 மீட்டர் உயரம். பழைய ஊரின் அழகே போய்விடும் என்று அப்போது கடும் எதிர்ப்பு. தெருவில் நின்று பார்த்தால் அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது, ஊருக்குக் குறுக்கே சுவர் எழுப்பியது மாதிரிதான் இருக்கிறது. உள்ளே போனால் கதையே வேறு. தலைக்கு மேலே இரும்பும் கண்ணாடியுமாக வளைந்த கூரை. மேற்குப் பக்கம் மொட்டைமாடி வரை ஏறும் 171 படிகள். பக்கத்திலேயே எஸ்கலேட்டர் ஓடுகிறது, ஆனாலும் சாயங்காலம் படியில் ஆட்கள். பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் நடுவில் ஒரு டப்பாவை வைத்துப் பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் டிக்கெட் கேட்கவில்லை, எழுந்து போகச் சொல்லவில்லை. ஊருக்குப் பொதுவாக இப்படி ஒரு திண்ணை கட்டித் தந்தவரை எப்படித் திட்டுவது?

எனக்குப் பிடித்த இன்னொரு புதுக் கட்டிடம், ஊருக்குள் சான்ஜோ பக்கம் தகாசே கால்வாய் ஓரத்தில் இருக்கும் ‘டைம்ஸ்’. கட்டிடக் கலைஞர் டடாவோ ஆண்டோவின் வடிவமைப்பு, 1984இல் வந்தது. சரக்குப் படகுகளுக்காக 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய கால்வாய் அது, கணுக்கால் அளவுதான் தண்ணீர். தெருவிலிருந்து இறங்கினால் தண்ணீரை ஒட்டியே தளம். சாம்பல் நிற கான்கிரீட் கல், அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கால்வாய் அங்கே ஓடுகிறது என்பதை அந்தக் கட்டிடம் ஒரு நிமிஷம்கூட மறக்கவில்லை.

நகர மையத்தில் கட்டிட உயர வரம்பை 2007இல் 45 மீட்டரிலிருந்து 31 ஆகக் குறைத்தார்கள். மிகச் சரியான முடிவு. அதற்காகப் புதிதாக எதுவும் வரக்கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கான்கிரீட் பெட்டியின் தலையில் கூரை ஓடுகளை ஒட்டிவைத்துப் பழசு போலக் காட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது. ‘மச்சியா’ என்கிற பழைய மர வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு, கார் நிறுத்துமிடமாகவும் ஹோட்டலாகவும் மாறுகின்றன. கோபப்பட வேண்டியது அங்கேதான்.

போகிறவர்கள் கடைசி நாள் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்குப் போய்விடுங்கள். உள்ளே நுழையும் முன் வடக்குப் பக்கம் நின்று அந்தக் கண்ணாடிச் சுவரைப் பாருங்கள். எதிரே 131 மீட்டர் கியோட்டோ டவர், 1964இல் அதுவும் இதே மாதிரி திட்டு வாங்கியதுதான். விளக்கு போட்டதும் முழு டவரும் அந்தக் கண்ணாடியில் தெரியும். அப்புறம் படியேறுங்கள்.