நில மேற்பரப்பின் சூடும் காற்றின் வெப்பநிலையும் ஒன்றல்ல

இலங்கையின் அம்பாறை வயல்வெளிகள் செய்மதி வெப்பநிலைப் படத்தில் கடுஞ்சிவப்பாகத் தெரிவதால் வளிமண்டலவியல் திணைக்களம் உண்மையான வெப்பநிலையை மறைக்கிறது எனச் சிலர் சொல்வது சரியன்று. நாசாவின் டெரா, அக்குவா செய்மதிகளிலுள்ள மோடிஸ் கருவி, மண்ணும் பயிரும் கூரைகளும் வெளிவிடும் வெப்ப அகச்சிவப்புக் கதிர்வீச்சிலிருந்து நில மேற்பரப்பின் வெப்பநிலையையே கணிக்கிறது. மட்டக்களப்பு வானிலை நிலையத்திலோ, வெயில் படாத கூட்டுக்குள், நிலத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் மேலே, காற்றின் வெப்பநிலை அளக்கப்படுகிறது. அறுவடை முடிந்து காய்ந்துகிடக்கும் வயல், ஆவியாவதற்கு ஈரமின்றி, நண்பகலில் காற்றைவிடப் பத்துப் பாகைக்கும் மேலாகச் சூடேறக்கூடும். தண்ணீர் கட்டிய அதே வயல் அவ்வளவு சூடாவதில்லை. முகிலை ஊடுருவி மோடிஸ் கருவியால் நிலத்தின் வெப்பத்தை அளக்க முடியாது என்பதால், மாரிகாலப் படங்களில் இடைவெளிகளும் மிகுதி. காலநிலை மாற்றத்தை அறிய விரும்புவோர், 2000ஆம் ஆண்டு முதல் டெரா தந்துவரும் தரவுத் தொடரை, ஓராண்டின் ஒரு மாதத்தை மற்ற ஆண்டுகளின் அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும்.