வெண்ணெய் என்று சொல்லி விற்காதீர்கள்

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு சின்ன பிரஷ்ஷையும் கிரீஸ் டப்பாவையும் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் எழுபது கீபோர்டு சுவிட்ச், ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒன்று இருக்குமே, அது. மூன்றாவது முறையாக வாங்கியவை. மூன்று முறையும் விற்றவர்கள் சொன்னது ஒன்றுதான்: "வெண்ணெய் மாதிரி வழுக்கும்." வந்ததோ ரவையில் விரலை வைத்துத் தேய்க்கிற மாதிரி சொரசொரப்பு. வயிறு எரிகிறது.

நான் கேட்டது பெரிய விஷயமே இல்லை. நல்ல லீனியர் சுவிட்ச். அழுத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும், விட்டால் அப்படியே ஏற வேண்டும். டாக்டைல் சுவிட்சில் நடுவில் ஒரு மேடு இருக்கும், கிளிக்கியில் டிக் டிக் என்ற சத்தம் இருக்கும். லீனியரில் இரண்டும் கிடையாது. வழுவழுப்பைத் தவிர அதில் காசு கொடுத்து வாங்குவதற்கு வேறு என்ன இருக்கிறது? மேடு இல்லாததால் உரசலுக்கு ஒளிந்துகொள்ள இடமும் இல்லை. கீயோடு இறங்குகிற தண்டான ஸ்டெம்மின் ஓரம், அதைச் சுற்றியிருக்கிற கூடான ஹவுசிங்கில் துளி உரசினாலும் விரல் நுனி கண்டுபிடித்துவிடும்.

நான் இருப்பது மொரீஷியஸில். பகலில் எபேனில் அலுவலக வேலை, எட்டு மணி நேரம் தட்டச்சு. ரோஸ் ஹில் வீட்டுக்குத் திரும்பிய பிறகு கோவிலுக்கான தமிழ் அறிவிப்புகளையும் நான்தான் அடித்துக் கொடுக்கிறேன். தைப்பூசக் காவடி நெருங்கிவிட்டால் தினமும் ஒன்று இரண்டு பக்கமாவது வரும். தமிழ்99 முறையில் அடிப்பவர்களுக்குத் தெரியும், புள்ளி இருப்பது எஃப் கீயில். இடது ஆள்காட்டி விரல் ஓயாமல் அங்கேயே போய் நிற்கும். அந்த ஒரு சுவிட்ச் உரசினால் எழுதுகிற ஒவ்வொரு வரியும் உரசுகிறது. இதைச் சொன்னால், "கீபோர்டுக்கா இவ்வளவு கோபம்?" என்று கேட்கிறார்கள். ஆமாம், கீபோர்டுக்குத்தான். தினமும் என் கை படுகிற பொருள் வேறு எது?

சரி, பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் எதைப் பார்ப்பது? விற்கிற பக்கத்தில் இருப்பது கிராம், மில்லிமீட்டர், பிளாஸ்டிக்கின் பெயர், அவ்வளவுதான். உரசல் எவ்வளவு என்று ஒருவரும் எழுதுவதில்லை. அந்த கிராம் கணக்காவது ஒழுங்காக இருக்கிறதா? செர்ரி நிறுவனத்தின் ரெட் சுவிட்ச் 45 கிராம் என்றால், அது 2 மில்லிமீட்டர் இறங்கி எழுத்து பதிவாகிற இடத்து அழுத்தம். 4 மில்லிமீட்டர் அடிவரை போனால் அது 60ஐ ஒட்டி வந்துவிடும். இன்னொருவர் தன் சுவிட்சை 62 கிராம் என்று போடுகிறார். அது அடிவரைக்கான கணக்கு. எந்த எண் எந்த இடத்துக்கு என்று பக்கத்தில் நான்கு எழுத்து சேர்க்க என்ன கேடு? முதல் முறை நான் ஏமாந்தது இதில்தான். 60 என்று படித்து அடிவரைக்கு என்று நினைத்து வாங்கினேன், அது பதிவாகிற இடத்துக்கான எண். இரண்டு வாரத்தில் சுண்டுவிரல் வலிக்க ஆரம்பித்தது. கனமும் உண்டு, சொரசொரப்பும் உண்டு.

ஸ்டெம் பிஓஎம் பிளாஸ்டிக், இயல்பாகவே வழுக்கும் என்று பெருமையாகப் போடுகிறார்கள். பிளாஸ்டிக் வழுக்கலாம். அதை வார்த்த அச்சு தேய்ந்திருந்தால் பக்கங்களில் சின்னச் சின்னக் கரடு விழுமே, அதை யார் சொல்வது? ஒரே பெயர், ஒரே நிறம், இரண்டு தடவை வாங்கினால் இரண்டு விதமாக இருக்கிறது.

அப்புறம் அந்த வீடியோக்கள். மைக்கைப் பக்கத்தில் வைத்து, கீயின் நட்டநடுவில் நேராக ஒரு விரலால் அழுத்திக் காட்டுகிறார்கள். யார் அப்படி அடிக்கிறார்கள்? வேகமாக அடிக்கும்போது விரல் கீயின் ஓரத்தில், சாய்வாகத்தான் விழும். அப்போது ஸ்டெம் ஒரு பக்கம் சாய்ந்து ஹவுசிங்கில் உரசும். உண்மையான சோதனை அங்கேதான் இருக்கிறது. ஓரத்தில் அழுத்திக் காட்டுங்கள் என்று ஒரு விற்பனையாளருக்கு எழுதினேன். "பழகப் பழகச் சரியாகும், லூப் போட்டுப் பாருங்கள்" என்று பதில் வந்தது. லூப் என்றால் உள்ளே கிரீஸ் தடவுவது. நான் கேட்டது அதுவா?

சென்னையில் இருக்கிற நண்பர், "கடைக்குப் போய் அழுத்திப் பார்த்து வாங்க வேண்டியதுதானே?" என்கிறார். இங்கே நான் போர்ட் லூயிஸ் முதல் கியூர்பிப் வரை ஏறி இறங்கிய கடைகளில் இருந்ததெல்லாம் பெட்டியில் சீல் வைத்த கேமிங் கீபோர்டுகள். தனி சுவிட்ச் என்றாலே முகத்தைப் பார்க்கிறார்கள். ஆகவே கடல் தாண்டித்தான் வரவழைக்க வேண்டும். என் கீபோர்டில் 67 கீ. பத்து பத்தாகத்தான் விற்பார்கள், எனவே 70. போன முறை கூரியர் கட்டணம் சுவிட்ச் விலையைத் தாண்டியது, அதற்கு மேல் 15 சதவீத வாட் வரி. பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பவும் முடியாது, அனுப்புகிற செலவில் இன்னொரு செட் வாங்கிவிடலாம். பெரிய ஊரில் இருப்பவருக்கு இது ஒரு தவறான தேர்வு, அவ்வளவுதான். தீவில் இருப்பவனுக்கு மூன்று வாரக் காத்திருப்பும் ஒரு மாதச் சேமிப்பும்.

எனக்கு ஆறாத கோபம் லூப் விஷயத்தில்தான். நான்கு கொக்கிகளை நெம்பி ஒரு சுவிட்சைத் திறக்க வேண்டும். உள்ளே ஸ்டெம், ஸ்பிரிங், செம்புத் தகடு. ஸ்டெம்மின் பக்கங்களிலும் ஹவுசிங்கின் தடங்களிலும் 205ஜி0 கிரீஸை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். கொஞ்சம் கூடினால் சுவிட்ச் சேற்றில் கால் வைத்த மாதிரி மந்தமாகும், குறைந்தால் பழைய சொரசொரப்பு. ஒன்றுக்கு மூன்று நிமிடம் வைத்தாலும் எழுபதுக்கு மூன்றரை மணி நேரம். இதை ரசித்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் தொழிற்சாலையில் முடித்திருக்க வேண்டிய வேலையை வாங்கியவன் தலையில் கட்டிவிட்டு, அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர் வைப்பது அநியாயம்.

தொழிற்சாலையிலேயே லூப் போட்டது வாங்கலாமே என்பீர்கள். செர்ரியே 2023இல் எம்எக்ஸ்2ஏ வரிசைக்கு அந்த வழிக்கு வந்துவிட்டது. நானும் மூன்றாவது முறை அப்படிப்பட்டதைத்தான், வேறொரு நிறுவனத்திடம், வாங்கினேன். எழுபதையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். பத்தொன்பது காய்ந்து கிடந்தன. ஆறில் கிரீஸ் வழிந்து தகட்டில் ஒட்டியிருந்தது. மற்றவை பரவாயில்லை, ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நல்லதும் கெட்டதும் கலந்து கையில் படுவது எல்லாமே கெட்டதாக இருப்பதைவிட எரிச்சலாக இருக்கிறது.

பத்து பத்தாகத்தான் விற்போம் என்றால், பத்து வகையில் ஒவ்வொன்று போட்டு ஒரு பத்தை விற்கட்டும். அதற்குக் கூரியர் செலவையும் நானே தருகிறேன். அழுத்திப் பார்த்துவிட்டு எழுபது வாங்குகிறேன். நான் கேட்ட மூன்று இடத்திலும் அப்படி ஒன்று கிடையாது என்றார்கள்.

நேற்று இரவு இருபத்தொன்பது முடித்தேன். இன்றும் சாப்பிட்டுவிட்டு உட்கார வேண்டும், இன்னும் நாற்பத்தொன்று இருக்கிறது. முடித்தவற்றில் ஓரத்தில் அழுத்தினாலும் உரசாதது ஒன்றே ஒன்று தேறியது. அதை எஃப் கீக்கு என்று தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருக்கிறேன்.