வெட்டவெளியில் நிற்கும் கல்

கிராமப்புறத்தில் விடுமுறையைக் கழிக்கப் போகும் நண்பர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுண்டு: அருகில் எங்கேனும் திறந்தவெளியில் கற்சிற்பம் இருந்தால், அதை ஒரே நாளில் இரண்டு முறையாவது போய்ப் பாருங்கள்.

சென்ற விடுமுறையில் நான் தேடிப்போன புடைப்புச் சிற்பம் ஒன்று கிழக்கு பார்த்து நின்றது. காலை வெயில் நேர் எதிரே அடித்ததால் மழுங்கிய ஓர் உருவத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. இதற்காகவா இவ்வளவு தூரம் நடந்தோம் என்ற வருத்தத்தோடு திரும்பினேன். நண்பகல் நெருங்கும் வேளையில் அதே வழியாக வந்தபோது, வெளிச்சம் கல்லின் முகத்தை மேலிருந்து உரசியபடி இறங்கிக்கொண்டிருந்தது. விரல்களின் கணுக்களும், ஆடையின் மடிப்புகளும், உளி பட்டுத் தெறித்த சின்னஞ்சிறு பள்ளங்களும் தத்தம் நிழலோடு ஒவ்வொன்றாகத் துலங்கின. ஒரு விரற்கடை ஆழம்கூட இல்லாத செதுக்கலுக்கு நிழல்தான் உயிர் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். விளக்கு ஒரே இடத்தில் எரியும் கூடத்துக்குள் இந்த மாற்றத்தைப் பார்க்க வழியே இல்லை.

ஆஸ்திரியச் சிற்பி கார்ல் பிராண்டல் 1959-இல் சாங்க்ட் மார்கரெத்தன் கல்குவாரிக்குச் சிற்பிகளை வரவழைத்து, வானத்தின் கீழேயே செதுக்க வைத்தது இதனால்தான் எனக்கு மிகச் சரியான செயலாகப் படுகிறது. வியன்னாவின் புனித ஸ்டீபன் பேராலயத்துக்குக் கல் கொடுத்த குவாரி அது. தன் கற்களை மக்கள் கையால் தடவிப் பார்க்க வேண்டும் என்றே அவர் விரும்பினார். நியூயார்க் மாநிலத்தின் ஸ்டார்ம் கிங் சிற்பவெளியில் பிரிட்டிஷ் சிற்பி ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி 1997-98-இல் எழுப்பிய கற்சுவரும் அப்படித்தான். அந்த நிலத்திலேயே கிடைத்த கற்களால், இடிந்துபோன பழைய பண்ணைச் சுவர் ஒன்றின் தடத்தைப் பற்றிக்கொண்டு, மரங்களைச் சுற்றி வளைந்து வளைந்து சுமார் 690 மீட்டர் ஓடுகிறது. அதை வேறோர் இடத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது.

ஆனால் தொடுவதற்கென்றே செய்த கல் வேறு, நூற்றாண்டுகளாக மழையில் கரைந்துவரும் கல் வேறு. நான் பார்த்த சிற்பத்தின் கோடுகளில், படத்தில் எடுப்பாகத் தெரிவதற்காக யாரோ சாக்பீஸால் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். மனம் பதறிவிட்டது. பூசும்போதும் துடைக்கும்போதும் மணற்கல்லின் மேல்தோல் பொடிப்பொடியாக உதிரும். சுண்ணாம்புக்கல்லோ மழைநீரின் இலேசான அமிலத்துக்கே இளகிக் கொடுப்பது. கல்லின் மேல் சாம்பல் நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் வட்டவட்டமாகப் படரும் லைக்கனை, அதாவது பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் கூடி வாழும் உயிரியை, சுரண்டுவதும் அதே தவறு. பல வகை லைக்கன்கள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே வளர்கின்றன. சுரண்டினால் அதனோடு கல்லும் சேர்ந்து பெயர்ந்துவரும்.

கோடுகள் தெரியவில்லையென்றால் வெயில் திரும்பும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். விடுமுறையில் நம்மிடம் தாராளமாக இருப்பது நேரம்தானே. மேகம் மூடியிருந்தால், ஒரு கைவிளக்கைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். கல்லைத் தொடாமலே அத்தனையும் தெரியும்.