நிர்வாகச் செலவு மட்டும் அளவுகோல் ஆகாது

"நிர்வாகச் செலவு பத்து சதவீதத்தைத் தாண்டினால் அந்த விலங்கு நல அமைப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் தவறு. 2013-லேயே கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் என்ற, தொண்டு அமைப்புகளைப் பற்றித் தகவல் தரும் மூன்று அமெரிக்க அமைப்புகள் சேர்ந்து, இந்தச் சதவீதத்தை மட்டும் வைத்து எடை போடாதீர்கள் என்று நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதின.

எந்த நாய்க்குட்டிக்கு என்றைக்கு ஊசி போட்டார்கள், அடுத்தது எப்போது என்று பதிவேட்டில் குறித்துவைக்கிற ஒருவரின் சம்பளம்கூட நிர்வாகக் கணக்கில் வரக்கூடும். அவரை நிறுத்தினால் சதவீதம் குறையும்தான், ஆனால் ஊசி தவறிய ஒரு குட்டிக்குப் பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய் வந்தால் காப்பகம் முழுக்கப் பரவிவிடக்கூடும்.

சரி, வேறென்ன பார்ப்பது? போன வருடம் எத்தனை விலங்குகள் வந்தன, எத்தனைக்கு வீடு கிடைத்தது, எத்தனை இறந்தன என்று கேளுங்கள். இறந்த கணக்கையும் மறைக்காமல் சொல்கிறவர்களை நான் அதிகம் நம்புவேன். கருத்தடை எவ்வளவு செய்கிறார்கள் என்பது இன்னும் முக்கியம், ஏனென்றால் பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினையாகிவிடும், அடுத்த இரண்டு மாதத்தில் குட்டிகள் போட்டுவிடும்.

அப்புறம், "பணம் வேண்டாம், நேரம் கொடுத்தால் போதும்" என்பதும் பாதிதான் சரி. தாயில்லாத பச்சைக்குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும், பால் புகட்ட வேண்டும். அது முடியாது என்றால் மாதாமாதம் சிறு தொகை அனுப்புங்கள், அவர்களுக்கு மருந்துச் செலவைத் திட்டமிட அது உதவும்.