பழியை யோகோ மேல் போடாதீர்கள்

ஜான், பால், ஜார்ஜ், ரிங்கோ என்ற நால்வரின் இங்கிலாந்து இசைக்குழு பீட்டில்ஸ் ஏன் பிரிந்தது என்று பேச்சு வந்தால் போதும், "எல்லாம் அந்த யோகோ வந்ததால்தான்" என்று யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். ஜான் கல்யாணம் செய்துகொண்ட யோகோ ஓனோவைத்தான் சொல்கிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாக இதே தீர்ப்புதான். மருமகள் வந்தாள், குடும்பம் ரெண்டாச்சு என்று நம் தெருக்களில் சொல்வார்களே, அந்தக் கதையேதான். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

பீட்டில்ஸ் பற்றி 2021இல் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் தந்த 'கெட் பேக்' ஆவணப்படம் ஏறக்குறைய எட்டு மணி நேரம். நான் இரண்டு முறை முழுதாகப் பார்த்தேன். 1969 ஜனவரி 2ஆம் தேதி லண்டன் ட்விக்கன்ஹாம் சினிமா ஸ்டுடியோவில் ஒத்திகை தொடங்குகிறது. ஜான் பக்கத்தில் யோகோ இருக்கிறார், உண்மைதான். செய்தித்தாள் படிக்கிறார், பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அந்த மாதத்தில் குழுவை விட்டு எழுந்து போனது ஜார்ஜ். ஜனவரி 10. அதற்கும் யோகோவுக்கும் முடிச்சுப் போட எனக்கு மனம் வரவில்லை. ஜார்ஜுக்கு அப்போது 25 வயது. கை நிறையப் பாட்டு வைத்திருந்தார். ஜானும் பாலும் எழுதியது போக மிச்ச இடம்தான் அவருக்குக் கிடைத்தது. எந்த இடத்தில் எப்படி வாசிக்க வேண்டும் என்று பால் வேறு சொல்லிக்கொண்டே இருக்கிறார். கடைக்குட்டி வளர்ந்துவிட்டதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஜார்ஜ் போன பிறகு, ஜனவரி 13 அன்று பால் உட்கார்ந்து பேசும் ஒரு காட்சி இருக்கிறது. ஜானும் யோகோவும் சேர்ந்தே இருக்க நினைக்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டுமே என்கிறார். யோகோ ஆம்ப்ளிஃபயர் மேல் உட்கார்ந்ததால் பீட்டில்ஸ் பிரிந்தார்கள் என்று ஐம்பது வருஷம் கழித்துச் சொன்னால் எவ்வளவு அபத்தமாக இருக்கும் என்கிற பொருளில் பேசுகிறார். 26 வயதுப் பையன்! அவர் அபத்தம் என்று நினைத்ததைத்தான் நாம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, பிறகு எது பிரித்தது? என்னைக் கேட்டால், மூத்தவர் இல்லாத வீடு. மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் 1967 ஆகஸ்ட் 27 அன்று இறந்தார், 32 வயதில். பணம், ஒப்பந்தம், சண்டை வந்தால் சமாதானம் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் போன பிறகு நான்கு பேரும் ஆப்பிள் என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார்கள். பணம் தண்ணீராகப் போனது. அப்புறம் யார் நிர்வாகம் பார்ப்பது என்று தகராறு. ஜான், ஜார்ஜ், ரிங்கோ மூவரும் அமெரிக்க மேனேஜர் ஆலன் க்ளைன் பக்கம். பால் மட்டும் நியூயார்க் வழக்கறிஞரான தன் மாமனார் லீ ஈஸ்ட்மன் பக்கம். இதற்கு நடுவில், அவர்கள் பாட்டுகளின் உரிமையை வைத்திருந்த நார்தர்ன் சாங்ஸ் கம்பெனியில் பாட்டுப் பதிப்பாளர் டிக் ஜேம்ஸ் தன் பங்கை அவர்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஏடிவி என்ற டிவி கம்பெனிக்கு விற்றுவிட்டார். சொந்தப் பாட்டு கையை விட்டுப் போனது. 1969 மே 9 இரவு ஒலிம்பிக் ஸ்டுடியோவில் மூவரும் பாலிடம், க்ளைனுக்கு இன்றே கையெழுத்துப் போடு என்கிறார்கள். க்ளைன் கேட்பது 20 சதவீதம் கமிஷன், 15 போதும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்கிறார் பால். மூவரும் எழுந்து போய்விட்டார்கள். இதில் யோகோ எங்கே வந்தார்? இது அச்சு அசல் பாகப்பிரிவினைத் தகராறு.

இவ்வளவுக்கும் பிறகு அந்தக் கோடையில் தங்கள் பழைய இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினைக் கூப்பிட்டு, பழையபடி ஒரு ஆல்பம் செய்யலாம் என்று 'ஆபி ரோடு' செய்தார்கள். அதிலுள்ள 'தி எண்ட்' பாட்டுக்காக ஆகஸ்ட் 7 அன்று பால், ஜார்ஜ், ஜான் மூவரும் ஆளுக்கு இரண்டு பார் (தாள அளவு) வீதம் மாற்றி மாற்றி கிடார் சோலோ வாசிக்கிறார்கள், மூன்று சுற்று. ஹெட்போனில் கேளுங்கள், மூன்று பேர் குணமும் தனித்தனியாகத் தெரியும். கடைசியாக வரும் கரகரப்பு ஜானுடையது. செப்டம்பர் 20 அன்று, சின்னச் சின்ன இடங்களில் மறுபடி கச்சேரி செய்யலாமே என்று பால் ஆசையாகக் கேட்டபோது, நான் விலகுகிறேன் என்று சொன்னவரும் ஜான்தான். ரெக்கார்டு கம்பெனியோடு போட்ட புது ஒப்பந்தத்துக்காக அதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். 1970 டிசம்பர் 31 அன்று பால் நீதிமன்றம் போனார்.

ஆனால் நான் சொல்ல வந்தது 1969 ஏப்ரல் 14. க்ளைன் தகராறு முற்றிக்கொண்டிருந்த நேரம். ஜான் ஒரு புதுப் பாட்டோடு பால் வீட்டுக்குப் போகிறார். அது எதைப் பற்றிய பாட்டு தெரியுமா? மார்ச் 20 அன்று ஜிப்ரால்டரில் யோகோவோடு நடந்த தன் கல்யாணத்தைப் பற்றியது. உடனே பதிவு செய்தாக வேண்டும் என்று அவசரம். டிரம்ஸ் வாசிக்கும் ரிங்கோ சினிமா ஷூட்டிங்கில், கிடார் வாசிக்கும் ஜார்ஜ் வெளிநாட்டில். பால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருவரும் பக்கத்திலேயே இருந்த ஸ்டுடியோவுக்குப் போனார்கள். ஜான் கிடாரும் பாட்டும். பால் டிரம்ஸ், பேஸ், பியானோ, கூடவே சேர்ந்து பாடவும் செய்தார். அன்று ராத்திரிக்குள் பாட்டு முடிந்துவிட்டது. யோகோவைப் பிடிக்காதவர் என்று நாம் முத்திரை குத்தின ஆள், யோகோவின் கல்யாணப் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்திருக்கிறார்.

அந்தப் பதிவின் டேப்பில் டேக்குகளுக்கு நடுவே அவர்கள் பேசிக்கொள்வதும் இருக்கிறது. டிரம்ஸில் உட்கார்ந்திருக்கும் பாலைப் பார்த்து ஜான், "கொஞ்சம் வேகமா, ரிங்கோ" என்கிறார்.

"சரி, ஜார்ஜ்" என்கிறார் பால்.