வால்வைப் பார்த்து வாங்குங்கள்

அணிவகுப்பில் எப்படியும் அடிபடும், அதனால் மலிவான இறக்குமதி டிரம்பெட்டே (பித்தளை ஊதுகருவி) போதும் என்கிறது, பேண்டு குழுக்களுக்கு வாத்தியம் வாங்குவது பற்றிய ஒரு கட்டுரை. பாதி சரி. பெல்லில், அதாவது அதன் விரிந்த வாயில், விழுந்த ஒடுக்கைத் தட்டி எடுத்துவிடலாம். சிக்கல், சுரத்தை மாற்ற விரலால் அழுத்தும் வால்வில்தான். வால்வுக்குள் மேலும் கீழும் நகரும் பிஸ்டனுக்கும் அதன் உறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தலைமுடியைவிட மெல்லியது. உறை துளி நெளிந்தாலும் பிஸ்டன் மாட்டிக்கொள்ளும். நடந்துகொண்டே வாசிப்பவர் என்ன செய்வார்?

எங்கள் குழு அப்படி வாங்கிய நான்கில் இரண்டு ஒரே வருடத்தில் அலமாரிக்குப் போயின. பழுது பார்ப்பவர் தொடவே மறுத்தார். மாற்று பிஸ்டன் கிடைக்காதாம், பற்றவைத்த ஒரு இணைப்பைச் சூடாக்கினால் பக்கத்து இணைப்பும் கழன்றுவிடுமாம். உள்நாட்டுத் தயாரிப்புக்குக் கொடுக்கிற கூடுதல் விலை பெரும்பாலும் உதிரிபாகத்துக்குத்தான். அதற்காக முத்திரையை மட்டும் நம்பிவிடாதீர்கள். வெளியிலிருந்து பாகங்களை வரவழைத்துப் பூட்டி, உள்நாட்டுப் பெயர் போட்டு விற்பவர்களும் உண்டு.

உடம்பைச் சுற்றித் தோளில் மாட்டி வாசிக்கும் பெரிய ஊதுகருவியான சூசாஃபோனுக்கு என் கணக்கு வேறு. பித்தளையில் 10 கிலோவைத் தாண்டும். சின்னத் தோள்களுக்கு ஃபைபர் கிளாஸே மேல், ஒலி கொஞ்சம் மந்தமானாலும்.

அப்புறம், எங்கே செய்ததானாலும் வாசித்து முடித்ததும் உள்ளே தேங்கிய ஈரத்தை வடித்துவிடுங்கள். பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப்போனால் முதலில் சிவப்புப் புள்ளி வரும், பிறகு ஓட்டைதான்.