இரண்டு நாடுகள், இரண்டு தேதிகள்
2022 அக்டோபர் 1 முதல் அமெரிக்க-கனடா எல்லையில் கோவிட் தடுப்பூசிச் சான்று யாருக்கும் தேவைப்படவில்லை என்று சிலர் சொல்வது பாதிதான் உண்மை. அன்று விதியை நீக்கியது கனடா மட்டுமே. அமெரிக்கா தன் பக்கத்தில் 2023 மே 11 நள்ளிரவு வரை அதை விடவில்லை. இடைப்பட்ட ஏழு மாதங்களில் தடுப்பூசி போடாத அமெரிக்கர் அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலிருந்து எல்லைக்கு அப்பால் கனடாவின் விண்ட்சருக்குக் காரில் போக முடிந்தது. தடுப்பூசி போடாத கனடியர், சில விதிவிலக்குகள் தவிர, எதிர்த்திசையில் போக முடியவில்லை.

கனடிய லாரி ஓட்டுநர்களையும் மறந்துவிடக் கூடாது. 2022 ஜனவரி 22 முதல் அமெரிக்கா அவர்களிடமும் சான்று கேட்டது. அவர்களுக்கு எல்லை தாண்டுவது உல்லாசப் பயணமல்ல, பிழைப்பு. அமெரிக்கக் குடிமக்களையும் அங்கே நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களையும் இந்த விதி கட்டுப்படுத்தவே இல்லை.